கையால் நிரப்பும் ரைஃபிள் தோட்டா: கூட்டைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்ய முழு வழிகாட்டி

தோட்டாவைச் சொந்தமாக நிரப்பத் தொடங்குபவர்கள் குண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். வெடிமருந்தைப் பற்றி அதைவிட அதிகம் பேசுவார்கள். பித்தளைக் கூடு மட்டும் கைக்குக் கிடைத்தது எதுவோ அதுவாக இருக்கும். தவறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுடுதளத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு புதியவர் .308 வின்செஸ்டர் சுட்டுக்கொண்டிருந்தார். வணிகக் கூடுகளில் பொறுமையாக மருந்தளவைத் தேறவைத்து, இலக்கில் குண்டுகள் விழும் குழுவும் நன்றாக வந்துகொண்டிருந்தது. கூடுகள் போதாததால், கடைசிப் பன்னிரண்டு தோட்டாக்களை ராணுவ உபரிக் கூட்டில் நிரப்பியிருந்தார். மருந்து அதே, அளவு அதே, குண்டும் அதே. அந்தப் பன்னிரண்டில் முதலாவதைச் சுட்டதும் துப்பாக்கியின் பின்புறத்தை மூடும் பூட்டான போல்ட் கைக்கு வரவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தார். கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தட்டையாகிப் பரவியிருந்தது. கூட்டின் அடியில் பொறித்த எழுத்துக்களின் மேல் பளபளவென்று ஒரு வட்டத் தடம். மீதிப் பதினொன்றையும் பிரித்து மருந்தை நிறுத்துப் பார்த்தோம். எல்லாம் சரியான அளவு. மாறியது கூடு மட்டும்.

மருந்து எரிவது ஒரு மூடிய அறையில். அந்த அறையின் சுவர் கூடு. சுவர் தடித்தால் அறை சுருங்கும். அறை சுருங்கினால் அதே மருந்து இன்னும் வேகமாக எரிந்து அழுத்தத்தை ஏற்றும். கூட்டை மாற்றுவது மருந்தை மாற்றுவதற்குச் சமம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகளின் வரிசை தானாகப் புரியும்.

மருந்தளவு எதையும் நான் இங்கே தரப்போவதில்லை. அதை மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். தோட்டா நிரப்ப உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா, என்ன உரிமம் வேண்டும் என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.1 கிரெய்ன் (1 கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம்) வரை காட்டும் தராசு, காலிப்பர், தோளின் (கூட்டின் உடல் கழுத்தாகச் சுருங்கும் சரிவு) இடத்தை அளக்க காலிப்பரில் மாட்டும் கம்பாரேட்டர், நல்ல வெளிச்சம், நுனி வளைத்த மெல்லிய கம்பி, ஒரு குறிப்பேடு. கம்பாரேட்டரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கூட்டை அழுத்தித் திருத்தும் பிரஸ்ஸுக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான். காரணம் 6-ஆம் படியில் வரும்.

சுட்ட கூட்டில் ப்ரைமர் எச்சத்தோடு ஈயமும் ஒட்டியிருக்கும். கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

2. நிரப்பவே கூடாத கூடுகளை முதலில் ஒதுக்குங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வது நேரத்தை மிச்சப்படுத்த. அரை மணி நேரம் கழுவி, துடைத்து, அளந்த பிறகு தூக்கி எறிவதில் பயனில்லை.

எஃகு, அலுமினியக் கூடுகள் ஒரு முறை சுடுவதற்கே செய்யப்பட்டவை. காந்தத்தை வைத்தால் எஃகு தெரிந்துவிடும். குண்டின் உறையிலும் எஃகு இருக்கலாம் என்பதால் காந்தத்தைக் கூட்டின் அடியில் வையுங்கள்.

அடுத்து, கூட்டுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். நடுவில் ஒரே துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை, நமக்கு ஏற்றது. ஓரமாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் வகை. அதைப் பார்க்காமல் பிரஸ்ஸில் வைத்தால் ப்ரைமர் தள்ளும் ஊசி முறியும். முறிந்த ஊசியோடு பலர் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ராணுவக் கூடுகளில் ப்ரைமரைச் சுற்றி விளிம்பு நசுக்கி இறுக்கப்பட்டிருக்கும். இது குறை அல்ல, கூடுதல் வேலை அவ்வளவுதான். பழைய ப்ரைமரை எடுத்ததும் அந்த விளிம்பைச் சுரண்டியோ அழுத்தி விரித்தோ சரி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் புது ப்ரைமரைத் திணித்தால் அது கோணலாக நுழையும், நசுங்கும், சில நேரம் வெடிக்கும். ப்ரைமர் ஏறவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

3. தயாரிப்பு, லாட், சுட்ட எண்ணிக்கை என்று பிரியுங்கள்

அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரிப்பது குறைந்தபட்சம். ஒரே தயாரிப்பாளரின் கூடுகளே ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் ஒரே லாட்டை (ஒரே தொகுப்பாகச் செய்தவற்றை) ஒன்றாக வையுங்கள். எத்தனை முறை சுட்டது என்பதையும் சேர்த்துப் பிரியுங்கள். முதல் முறை சுட்ட கூடும் ஆறு முறை சுட்ட கூடும் கழுத்து இறுக்கத்தில் ஒன்றுபோல நடக்காது.

சுடுதளத்தில் பொறுக்கிய கூட்டுக்கு வரலாறு கிடையாது. பயிற்சிக்குக் குறைந்த அழுத்தத்தில் பயன்படுத்துகிறேன் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைத் தொடுவதில்லை. யாருடைய சேம்பரில் (தோட்டா நுழைந்து நிற்கும் குழலின் பின்பகுதி) எவ்வளவு நீண்டது, எத்தனை முறை சுட்டது என்று தெரியாத கூட்டின் பின்னால் என் முகத்தை வைக்க மனம் வருவதில்லை.

சில நேரம் விலையுயர்ந்த கூட்டுக்கும் சாதாரணக் கூட்டுக்கும் இடையே தடுமாறுவார்கள். துல்லியப் போட்டிக்கு என்றால் நல்ல கூட்டின் பலன் தெரியும்: கழுத்துச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன், கூட்டுக்குக் கூடு வேறுபாடு குறைவு, ப்ரைமர் குழி பல சுற்று தாங்கும். பயிற்சிக்கு என்றால், ஒரே லாட் சாதாரணக் கூடு ஐம்பது இருப்பது, பத்து வகை உயர்தரக் கூடு ஐம்பது இருப்பதைவிட நல்லது.

4. ஒவ்வொரு கூட்டையும் உள்ளும் வெளியும் சோதியுங்கள்

கழுத்தில் நெடுக்காக வெடிப்பு, தோளில் பள்ளம், ப்ரைமரைச் சுற்றிக் கருப்பாகப் புகை கசிந்த தடம்: இவை கண்ணுக்கே தெரியும். கண்ணில் படாமல் போவது ஒன்று உண்டு. அதுதான் ஆபத்தானது.

கூட்டின் அடி தடிமனானது. அதற்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. சுடும்போது சுவரின் மேல்பகுதி சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி பின்னோக்கிப் போகும். அந்த இழுவை முழுவதையும் தாங்குவது இந்த மெலியும் இடம். சில சுற்றுகளில் உள்ளே ஒரு பள்ளம் விழும். வெளியே அதே இடத்தில் மெல்லிய பளபளப்பான வளையம் தெரியலாம். அதைத் தாண்டியும் சுட்டால் கூடு இரண்டாகப் பிரிந்து முன்பாதி சேம்பரிலேயே நின்றுவிடும். வாயு பின்னால் பீறிடவும் கூடும்.

வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, நுனி சுவரைத் தொடும்படி அடியிலிருந்து மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். பள்ளம் இருந்தால் நுனி சட்டென்று ஒரு பிடிப்பில் தடுக்கும். முதலில் கைக்குப் பிடிபடாது. கெட்டுப்போன கூடு ஒன்றை நெடுக்காக அறுத்து வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தபடியே கம்பியை ஓட்டிப் பழகுங்கள். பத்து நிமிடத்தில் விரல் கற்றுக்கொள்ளும்.

கழுவும்போது அம்மோனியா கலந்த திரவத்தைத் தொடாதீர்கள். தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. உள்ளிறுக்கம் உள்ள பித்தளையில் அம்மோனியா விரிசலை உண்டாக்கும்.

5. ப்ரைமரை எடுக்கும் முன்பே உட்கொள்ளளவை அளங்கள்

புதியவர்கள் வரிசை தவறுவது அதிகமும் இந்தப் படியில்தான். வீட்டுக்கு வந்ததும் ப்ரைமரைத் தட்டி எடுத்து, சைஸ் செய்து (சுட்டு விரிந்த கூட்டை டை என்னும் அச்சுக்குள் அழுத்திச் சுருக்கி), பளபளப்பாக்கி, அப்புறம் கொள்ளளவை அளக்க உட்காருவார்கள். அதற்குள் அளக்க வேண்டியது போய்விட்டது.

நமக்கு வேண்டியது, மருந்து எரியும் நேரத்தில் அந்த அறை எவ்வளவு பெரியது என்பது. அந்த நேரத்தில் கூடு சேம்பர் அளவுக்கு விரிந்திருக்கும். ஆகவே உங்கள் ரைஃபிளிலேயே சுட்ட, இன்னும் சைஸ் செய்யாத கூட்டைத்தான் அளக்க வேண்டும். சுட்ட ப்ரைமர் அப்படியே இருக்கட்டும், அதுவே தண்ணீர் ஒழுகாமல் அடைப்பாக இருக்கும். புதுக் கூடு என்றால் கையேட்டின் ஆரம்ப அளவில் ஒரு முறை சுட்ட பிறகு அளங்கள்.

லாட்டில் ஐந்து கூடு போதும். நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக உள்ளவற்றை எடுங்கள். உலர்ந்த கூட்டை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் வாய் வரை நிரப்புங்கள். விரலால் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். நீர்மட்டம் வாயோடு சமமாக இருக்க வேண்டும், மேலே உப்பியும் நிற்கக்கூடாது, குழிந்தும் நிற்கக்கூடாது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். வெளியே ஒட்டிய நீரைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கொள்ளளவு, தண்ணீர்க் கிரெய்னில்.

.308-இல் இது பொதுவாக 50-களின் நடுப்பகுதியில் வரும். இரண்டு தயாரிப்புகளுக்கு இடையே 2 கிரெய்ன் வித்தியாசம் கண்டால் அது சிறியதல்ல. அறை ஏறக்குறைய 3.5 சதவீதம் சுருங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பன்னிரண்டு தோட்டாவில் நடந்தது இதுதான்.

இதையெல்லாம் தராசிலேயே முடித்துவிடலாமே என்று கேட்பார்கள். ஓரளவுக்கு முடியும். பித்தளை தண்ணீரைவிட ஏறக்குறைய 8.5 மடங்கு கனம். வெளியளவு ஒன்றாக இருந்தால், கூடு 8.5 கிரெய்ன் கூடும்போது கொள்ளளவு 1 கிரெய்ன் குறையும். ஆனால் அடி விளிம்பிலும் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கும் பள்ளத்திலும் உள்ள பித்தளையும் தராசில் ஏறும், அது அறையைச் சுருக்குவதில்லை. ஆகவே, எடை சந்தேகத்தை எழுப்பப் பயன்படும். தீர்ப்பு தண்ணீருடையது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் புரியும். ஒரே லாட்டுக்குள் இரண்டு கூடுகள் 1 கிரெய்ன் எடையில் வேறுபட்டால், கொள்ளளவில் அது 0.12 கிரெய்ன்கூட வராது. அதற்காக இரவு முழுக்க உட்கார்ந்து பிரிப்பது வீண். கூட்டத்திலிருந்து தனியாக விலகி நிற்பதை மட்டும் எடுத்து ஒதுக்குங்கள், போதும்.

ராணுவக் கூடு என்றாலே தடித்தது என்ற நம்பிக்கையையும் அளந்து பார்த்தே ஏற்கவும். 7.62 ராணுவக் கூடுகள் பெரும்பாலும் வணிக .308-ஐவிடக் கனமாகவே இருக்கும். 5.56-இல் அந்த விதி நிற்பதில்லை. பல ராணுவக் கூடுகள் வணிக .223 கூட்டுக்குச் சமமான கொள்ளளவு தருகின்றன.

6. தோளை எவ்வளவு தள்ளுவது என்று தீர்மானித்துவிட்டு சைஸ் செய்யுங்கள்

டையோடு வரும் தாளில், கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் வந்து முட்டும் வரை டையை இறக்கு என்று பொதுவாகப் போட்டிருக்கும். எல்லா ரைஃபிளிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பது அவர்கள் கவலை. உங்கள் சேம்பர் சற்று நீளமாக இருந்தால், இப்படிச் செய்யும்போது தோள் தேவைக்கு மேல் பின்னால் போகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உடல் இழுபட்டுத் தோள் முன்னே போகும், ஒவ்வொரு சைஸிலும் பின்னே வரும். 4-ஆம் படியில் சொன்ன பளபளப்பு வளையம் மூன்று நான்கு சுற்றிலேயே வந்து நிற்கும். அப்புறம் கூட்டின் மேல் பழி போடுவோம்.

ப்ரைமரைத் தனி டையில் எடுத்துவிட்டு, சுட்ட கூட்டின் தோளை கம்பாரேட்டரில் அளங்கள். போல்ட் ரைஃபிளுக்கு அதிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பின்னால் தள்ளினால் போதும். தானாக இயங்கும் ரைஃபிளுக்குச் சற்று அதிகம், 0.003 அங்குலம் அளவில் வையுங்கள். அங்கே போல்ட்டைக் கையால் அழுத்தி மூட முடியாது. டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, அந்த இடத்தில் பூட்டுங்கள்.

கூட்டை மாற்றினால் இந்த அமைப்பை மறுபடி சரிபாருங்கள். கடினமான பித்தளை டையிலிருந்து வெளியே வந்ததும் சற்று விரியும், மென்மையானது குறைவாக விரியும். டை அசையாமலே தோள் வேறு இடத்தில் நிற்கும்.

மசகு எண்ணெய் குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் தோளில் எண்ணெய் தேங்கிப் பள்ளம் விழும்.

7. நீளத்தைச் சைஸ் செய்த பிறகு வெட்டுங்கள்

சைஸ் செய்யும்போதுதான் கூடு நீளும். அதற்கு முன் வெட்டினால் அளவு நிற்காது. .308-க்கு அதிகபட்சம் 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. .223-க்கு 1.760, 1.750. அதிகபட்சத்தைத் தாண்டிய வாய் சேம்பரின் முனையில் போய் நெருங்கி, குண்டைக் கவ்விக்கொள்ளும். குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் ஏறும். வெட்டியதும் வாயின் உள்ளும் வெளியும் பிசிறு நீக்குங்கள்.

8. ப்ரைமர் குழி எந்த வகை என்று பாருங்கள்

ஒரே காலிபரில் சிறிய, பெரிய ப்ரைமர் குழி இரண்டும் இருக்கலாம். 6.5 கிரீட்மூரில் இரண்டும் சந்தையில் உண்டு. .308-இலும் லாப்புவாவின் பால்மா கூடு சிறிய குழியோடு வருகிறது. சிறிய குழியைச் சுற்றி அதிகப் பித்தளை இருப்பதால் குழி பல சுற்றுகளுக்கு இறுக்கமாக நிற்கும். மறுபக்கம், கடுங்குளிரில் பெரிய அளவு மருந்தைப் பற்றவைக்க சிறிய ப்ரைமர் திணறக்கூடும். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்துவிடாதீர்கள். ப்ரைமர் மாறினால் மருந்தளவும் கீழிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். இந்தச் சிறு குழிக் கூடுகள் சிலவற்றில் தீத்துளை (ப்ரைமரின் தீ மருந்துக்குப் போகும் துளை) 1.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான 2 மில்லிமீட்டர் துளைக்குச் செய்த ஊசி அதில் நுழையாமல் வளையும். மெல்லிய ஊசியை மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

புது ப்ரைமர் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போனால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. முதல் இரண்டு சுற்றிலேயே அப்படி ஆனால் மருந்தளவைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். எல்லாத் தயாரிப்பாளரின் அடிப்பித்தளையும் ஒரே கடினம் அல்ல. ஒரு கூடு தாங்கிய அளவை இன்னொன்று தாங்காது.

9. கழுத்தைக் கவனியுங்கள்

துல்லியத்தில் கூட்டின் பங்கு எங்கே அதிகம் என்று கேட்டால், நான் கழுத்தைத்தான் காட்டுவேன். குண்டை ஒவ்வொரு கூடும் ஒரே பிடியில் பிடித்து ஒரே போல விட வேண்டும். பிடி மாறினால் வேகம் மாறும். வேகம் மாறினால் தூரத்தில் குழு மேலும் கீழுமாக நீளும்.

சைஸ் செய்த கழுத்தின் வெளிவிட்டத்தை அளங்கள். குண்டை வைத்தபின் மறுபடி அளங்கள். 0.002 அங்குல அளவில் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். எண் எதுவானாலும், எல்லாக் கூட்டிலும் அதே எண் வருகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

தடித்த கழுத்துள்ள கூட்டுக்கு மாறும்போது ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். அந்த வகையில் சுட்ட, சைஸ் செய்யாத கூட்டின் வாயில் ஒரு குண்டை விரலால் விடுங்கள். தடையில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். இறுகினால், சேம்பரில் கழுத்து விரிய இடம் இல்லை என்று அர்த்தம். அந்தக் கூட்டின் கழுத்தைச் சீவி மெலிதாக்காமல் தொடரக்கூடாது. வேறு காலிபர் கூட்டை வெட்டி மாற்றும்போது இது அடிக்கடி வரும். .223 கூட்டை வெட்டி .300 பிளாக்அவுட் செய்தால் உடலாக இருந்த சுவர் கழுத்தாகிறது. சில தயாரிப்புகளில் அது தடித்துவிடும்.

பலமுறை சுட்டுச் சுருக்கிய கழுத்து இறுகிப்போகும். அதைச் சூடாக்கி மென்மையாக்குவது உண்டு. செய்வதென்றால் சைஸ் செய்யும் முன் செய்யுங்கள், அப்போதுதான் எல்லாக் கழுத்தும் டையிலிருந்து ஒரே அளவில் விரியும். கழுத்தும் தோளும் மட்டும் சூடாக வேண்டும். அடிப்பகுதி ஒருபோதும் கூடாது. அடி மென்மையானால் அந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்காது, வெளியே பார்த்தால் எதுவும் தெரியவும் தெரியாது. வெப்பத்தில் நிறம் மாறும் பூச்சு இல்லாமல், கண் மதிப்பில் இதைச் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கூடுகளை விட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.

10. மருந்தளவைக் கீழிருந்து மறுபடி ஏற்றுங்கள்

கூடு மாறியதும் பழைய அளவில் அரை கிரெய்ன் குறைத்தால் போதும் என்பார்கள். அந்த அரை கிரெய்ன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. கையேட்டின் ஆரம்ப அளவுக்கே திரும்புங்கள். கையேட்டில் அவர்கள் எந்தக் கூட்டில் சோதித்தார்கள் என்று போட்டிருக்கும். உங்கள் கூடு அதைவிடச் சிறியது என்றால், அச்சிட்ட அதிகபட்சம் உங்களுக்கு அதிகபட்சம் அல்ல. அதற்கு முன்பே நிறுத்த வேண்டிவரும்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் அதன் எண்ணை நம்புங்கள். கையேட்டின் உச்ச அளவுக்கான வேகம், உங்கள் கூட்டில் அதற்குக் குறைந்த மருந்திலேயே வந்துவிட்டால், அழுத்தமும் அங்கே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழல் நீளத்தை ஒப்பிட்ட பிறகே இந்த முடிவுக்கு வாருங்கள். கனத்த போல்ட், கூட்டின் அடியில் அதை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம், தட்டையான ப்ரைமர் ஆகியவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். இவை தெரியும்போது வரம்பைத் தாண்டியிருப்போம்.

11. பெட்டியில் எழுதிவையுங்கள்

தயாரிப்பாளர், லாட், சராசரிக் கொள்ளளவு, சுட்ட எண்ணிக்கை, கடைசியாக வெட்டிய தேதி. ஐந்தும் பெட்டி மூடியில் இருந்தால், ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் குழப்பம் வராது. ஒரு பெட்டியில் ஒரு கூடு காணாமல் போனால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். வேறு பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள்.

லாட்டில் ஒரு கூட்டில் வளையம் தெரிந்தால் அதை அறுத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் அதே எண்ணிக்கை சுட்ட மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். முழு லாட்டையும் விலக்கிவிடுங்கள். விலக்கியவற்றின் வாயை இடுக்கியால் நசுக்கிய பிறகே பழைய உலோகத்தில் போடுங்கள். இல்லையென்றால் பளபளப்பாக இருக்கிறதே என்று இன்னொருவர் எடுத்துக் கழுவ ஆரம்பிப்பார்.